மரபணு இயல்பு என்கிறது அறிக்கை, மருந்து வேலை செய்யவில்லை என்கிறது இன்னொன்று: இடையில் அழற்சியின் பங்கு என்ன?

கேள்வி: தும்பைப்பூ

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. முடக்குவாதம் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இரு கைகளின் விரல் மூட்டுகளிலும் வீக்கம் ஏறுவதும் வடிவதுமாகவே இருந்துவருகிறது. சென்ற ஆண்டு அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, இதய நாளம் ஒன்றில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் கட்டாமல் காக்கும் ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வேளைகூடத் தவறவிடாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். அப்படியிருந்தும் ஐந்தாவது வாரத்தில் மார்பில் மீண்டும் அழுத்தம் வந்தது. ஆஞ்சியோ செய்து பார்த்தபோது ஸ்டென்ட்டுக்குள் மெல்லிய இரத்தக்கட்டி படிந்திருந்தது. அந்த வாரம் அம்மாவின் மணிக்கட்டுகள் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத அளவுக்கு வீங்கியிருந்தன, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 38 மில்லிகிராம் இருந்தது.

கிளோபிடோக்ரெல் சிலருடைய மரபணுவுக்கு ஒத்துவராது என்று சொல்லி இரண்டு பரிசோதனைகள் எடுத்தார்கள். சி.ஒய்.பி. 2சி19 மரபணு அறிக்கையில் 'ஸ்டார் 1 / ஸ்டார் 1, இயல்பான செயல்திறன்' என்று வந்தது. ஆனால் இரத்தத்தைக் கட்டச் செய்யும் தட்டணுக்களின் வினைத்திறனை அளக்கும் பரிசோதனையில் பி.ஆர்.யு. 241 என்று வந்தது. 208-க்கு மேல் இருந்தால் மருந்து போதிய அளவு தட்டணுக்களை அடக்கவில்லை என்று பொருள் என விளக்கினார்கள். உடனே கிளோபிடோக்ரெலை நிறுத்தி டிகாக்ரெலோர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நெஞ்சுவலி வரவில்லை.

சில மாதங்கள் கழித்து மூட்டுச் சிகிச்சை மருத்துவர் டோசிலிசுமாப் ஊசியைத் தொடங்கினார். கைகள் நன்றாகத் தேறின, சி.ஆர்.பி. 1-க்கும் கீழே இறங்கியது. ஆனால் மாரடைப்பு வந்த நாளில் டெசிலிட்டருக்கு 74 மில்லிகிராமாக இருந்த எல்.டி.எல். கொழுப்பு இப்போது 112 ஆகியிருக்கிறது. மாத்திரையின் அளவும் மாறவில்லை, அவருடைய உணவும் மாறவில்லை.

எனக்குப் புரியாதவை இவைதாம். மரபணு சரியாக இருக்கும்போது மருந்து ஏன் வேலை செய்யவில்லை? கொழுப்பு 74 மட்டுமே இருந்தபோது மாரடைப்பு வந்தது, உடல் தேறிய பின் கொழுப்பு ஏறுகிறது என்றால், நான் எதைக் கண்டு அஞ்ச வேண்டும்? நானும் என் தம்பியும் எங்கள் மரபணுக்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? மருத்துவர்களை மாற்றும் எண்ணம் இல்லை; அடுத்த சந்திப்பில் சரியான கேள்விகளைக் கேட்கவே இங்கே எழுதுகிறேன்.

மறுமொழி: உரைகல்

உங்கள் தாயார் தேறிவருவது மகிழ்ச்சி அளிக்கிறது. நான் மருந்தியல் கற்பிப்பவன்; நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பவன் அல்லன். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கிளோபிடோக்ரெல் விழுங்கும்போதே மருந்தாக இருப்பதில்லை. அது ஒரு முன்மருந்து. குடலிலிருந்து உறிஞ்சப்பட்டதில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை எஸ்டரேஸ் நொதிகள் சிதைத்துப் பயனற்றதாக்கிவிடுகின்றன. எஞ்சிய 15 விழுக்காடுதான் கல்லீரலில் இரண்டு கட்டங்களில் மாற்றமடைந்து, தட்டணுக்களின் மேற்பரப்பிலுள்ள பி2ஒய்12 ஏற்பியைப் பூட்டும் வடிவத்தைப் பெறுகிறது. அந்த இரண்டு கட்டங்களிலுமே 2சி19 நொதிக்குப் பங்கு உண்டு. அந்த நொதியை ஆக்கும் மரபணுவின் இரண்டு படிகளும் (தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் நகல்கள்) ஸ்டார் 2 அல்லது ஸ்டார் 3 போன்ற பழுதான வகைகளாக இருப்பவர்களுக்கு மருந்தின் பயன் வெகுவாகக் குறைகிறது. இதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 மார்ச்சில் இம்மருந்தின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. பழுதான வகைகள் ஐரோப்பிய வழியினரைவிட ஆசிய வழியினரிடையே கூடுதலாகக் காணப்படுகின்றன.

உங்கள் தாயாரிடம் அப்படிப்பட்ட பழுது எதுவும் தென்படவில்லை என்கிறது அறிக்கை. 'தென்படவில்லை' என்று நான் எழுதுவதைக் கவனியுங்கள். ஸ்டார் 1 என்பது நேரடியாகக் கண்டுபிடிக்கப்படும் ஒரு வகை அன்று. அந்த ஆய்வகம் தேடிய பழுதுகளில் ஒன்றுமில்லாதபோது எஞ்சி நிற்கும் பெயர் அது. பெரும்பாலான ஆய்வகங்கள் ஸ்டார் 2, ஸ்டார் 3, ஸ்டார் 17 ஆகியவற்றைத் தேடுகின்றன. அரிய வகைகள் தேடப்படாமலே போகலாம். ஆயினும் உங்கள் விவரத்தைப் படிக்கும்போது, விடை மரபணுவுக்குள் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மரபணு அறிக்கை, கல்லீரல் எந்த நொதியை ஆக்க வல்லது என்பதைச் சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு வாரத்தில் அது எவ்வளவு நொதியை ஆக்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த அறிக்கையால் சொல்ல இயலாது. உடலில் அழற்சி ஓங்கும்போது நோயெதிர்ப்பு உயிரணுக்கள் இண்டர்லூகின்-6 என்னும் புரதத்தைப் பெருமளவில் வெளிவிடுகின்றன. அது கல்லீரலை அடைந்ததும் கல்லீரலின் வேலைத்திட்டமே மாறுகிறது. சி.ஆர்.பி.யும், இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜெனும் மிகுதியாக உற்பத்தியாகின்றன. மருந்துகளைக் கையாளும் சி.ஒய்.பி. குடும்ப நொதிகளின் உற்பத்தி தாழ்ந்துவிடுகிறது. 3ஏ4, 2சி19 இரண்டுமே இவ்வாறு தாழ்பவை. மரபணுவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அதை வாசித்துப் புரதமாக்கும் வேலைதான் தளர்கிறது. மரபணு இயல்பாக இருந்தும் நொதி பழுதானவரைப் போல ஒருவர் நடந்துகொள்ளும் இந்த நிலையைத் துறையில் பீனோகன்வெர்ஷன் என்கிறோம்.

இது புதிய செய்தியும் அன்று. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுத்துவந்த குழந்தைகளுக்கு இன்ஃபுளுயன்சா வந்தபோது, அதுவரை ஒத்துவந்த அதே அளவு நச்சாக மாறியது 1980-களிலேயே பதிவாகியிருக்கிறது. மனநோய்க்குக் குளோசபின் எடுப்பவர்களுக்கு நிமோனியா வந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு திடீரென உயர்வதும் நன்கு அறியப்பட்டது. பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோலைப் பெரும்பாலும் கழிப்பது இதே 2சி19 தான், சி.ஆர்.பி. ஏற ஏற அந்த மருந்தின் அளவும் இரத்தத்தில் ஏறுகிறது. இந்த மூன்றிலும் நொதி மருந்தை அழிக்கிறது. ஆகவே நொதி தளர்ந்தால் மருந்து தேங்குகிறது. கிளோபிடோக்ரெலின் கதை நேர்மாறானது. அங்கே நொதிதான் மருந்தை உருவாக்குகிறது. ஆகவே நொதி தளர்ந்தால் மருந்து பிறப்பதே குறைகிறது. ஒரே தளர்ச்சி, ஒரு மருந்தில் நச்சாகவும் இன்னொரு மருந்தில் பயனின்மையாகவும் வெளிப்படுகிறது. என் மாணவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. பல நேரங்களில் மருந்துச் சீட்டு எழுதுபவர்களும் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கல்லீரலுக்கு வெளியேயும் ஒரு காரணம் உண்டு. அழற்சி எலும்பு மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுக்களை விரைந்து பிறப்பிக்கச் செய்கிறது. கிளோபிடோக்ரெலின் செயல்வடிவம் இரத்தத்தில் மிகக் குறைந்த நேரமே தங்கும். அப்போது சுற்றிக்கொண்டிருக்கும் தட்டணுக்களை நிலையாகப் பூட்டிவிட்டு மறைந்துவிடும். காலையில் மாத்திரை எடுத்தபின் மாலையில் பிறக்கும் இளந்தட்டணுக்கள் மறுநாள் காலை வரை பூட்டப்படாமலே உலவுகின்றன. இயல்பான நிலையில் அவற்றின் எண்ணிக்கை சிறிது. அழற்சிக் காலத்தில் அதுவே ஒரு கட்டியைத் தொடங்கிவைக்கப் போதுமானதாகிவிடலாம். ஆஸ்பிரினுக்கும் இதே சிக்கல் உண்டு.

டிகாக்ரெலோர் விழுங்கும்போதே செயல்வடிவில் இருக்கிறது. அதற்கு 2சி19-இன் தயவு தேவையில்லை. நாளுக்கு இரு வேளை எடுப்பதால் புதிய தட்டணுக்களையும் எட்டிப்பிடிக்கிறது. 18,624 பேர் பங்கேற்று 2009-இல் வெளியான பிளேட்டோ ஆய்வில், 12 மாதங்களுக்குள் இதய நாள நோயால் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தோர் கிளோபிடோக்ரெல் குழுவில் 11.7 விழுக்காடும் டிகாக்ரெலோர் குழுவில் 9.8 விழுக்காடும் ஆவர். அதே ஆய்வில் டிகாக்ரெலோர் எடுத்தவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் மூச்சுத்திணறலைக் கூறினர். உங்கள் தாயாருக்கு அப்படி ஏதேனும் தோன்றினால் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லச் செய்யுங்கள்.

ஒரேயொரு பி.ஆர்.யு. அளவை வைத்துக்கொண்டு, அழற்சிதான் ஒரே காரணம் என்று என்னால் உறுதிகூற முடியாது. அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். கிளோபிடோக்ரெல் எடுத்த அந்த ஐந்து வாரங்களில் வயிற்றெரிச்சலுக்கோ மூட்டுவலிக்கோ வேறு மாத்திரை ஏதேனும் எடுத்தாரா? தயவுசெய்து பழைய அட்டைகளைத் தேடிப் பாருங்கள்.

மறுமொழி: தும்பைப்பூ

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி, ஐயா. உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்ததும் அம்மாவின் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு அட்டைகள் கிடைத்தன. ஒன்று ஓமெப்ரசோல் 20 மில்லிகிராம். மூட்டு மாத்திரைகளால் வயிறு புண்ணாகக் கூடாது என்று பல ஆண்டுகளுக்கு முன் எழுதித் தந்தது, காலை எழுந்தவுடன் எடுப்பார். இன்னொன்று ஐபுபுரோஃபென் 400. கை வீங்கிய நாள்களில் எனக்குச் சொல்லாமல் தாமே காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும் எடுத்திருக்கிறார். கேட்டபோது, "வலி தாங்கவில்லை, உனக்கு ஏன் கவலை கொடுக்க வேண்டும் என்றிருந்தேன்" என்றார். இதய மருத்துவரிடம் நான் எழுதிக்கொடுத்த பட்டியலில் இந்த இரண்டும் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவள் நான்தான். இது என் மனத்தை மிகவும் அலைக்கழிக்கிறது.

மறுமொழி: உரைகல்

உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். இரண்டு துறை மருத்துவர்களிடம் செல்லும் நோயாளிகளுக்கு இப்படி நேர்வது மிகவும் சாதாரணம். பட்டியலில் விடுபட்டது எது என்று கேட்டறிவது மருத்துவமனையின் பொறுப்பும்கூட.

நீங்கள் கண்டெடுத்த இரண்டு அட்டைகளும் முக்கியமானவை. ஓமெப்ரசோல் 2சி19 நொதியை நேரடியாகத் தடுக்கிறது. கிளோபிடோக்ரெலோடு ஓமெப்ரசோலையும் எசோமெப்ரசோலையும் தவிர்க்கவேண்டும் என்று மருந்தின் அதிகாரப்பூர்வக் குறிப்பே சொல்கிறது. வயிற்றுக்குப் பாதுகாப்புத் தேவைப்படுவோருக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் பான்டோப்ரசோல் தரப்படும். அதன் தடுப்பு மிகவும் குறைவு. ஆகவே, அழற்சியால் ஏற்கெனவே தளர்ந்திருந்த நொதியின் மேல் ஓமெப்ரசோலின் தடையும் சேர்ந்து விழுந்திருக்கிறது.

ஐபுபுரோஃபென் வேறு இடத்தில் குறுக்கிடுகிறது. ஆஸ்பிரின் தட்டணுவுக்குள்ளிருக்கும் காக்ஸ்-1 நொதியின் ஒடுங்கிய வாயிலுக்குள் நுழைந்து அதை நிலையாக முடக்குகிறது. ஐபுபுரோஃபென் முந்திக்கொண்டு அந்த வாயிலில் அமர்ந்துவிட்டால் ஆஸ்பிரினால் உள்ளே செல்ல இயலாது. ஆஸ்பிரின் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து கழிந்துவிடும். ஐபுபுரோஃபெனும் பின்னர் தானாக விலகிவிடும். ஆக, வாயில் மீண்டும் திறந்தே கிடக்கும். அதனால்தான் உடனடியாகக் கரையும் ஆஸ்பிரின் எடுத்து குறைந்தது 30 நிமிடம் கழித்தோ, ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கும் முன்னதாகவோ ஐபுபுரோஃபென் எடுக்க வேண்டும் என்ற அறிவுரை 2006-இல் வெளியானது. அது எப்போதாவது ஒருமுறை எடுப்பவர்களுக்கான அறிவுரை. மாரடைப்பு வந்தவர்களுக்கு இவ்வகை வலிநிவாரணிகளே இதய ஆபத்தைக் கூட்டுபவை என்பதால், வலிக்கு என்ன எடுக்கலாம் என்பதை இரு மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

டிகாக்ரெலோருக்கு 2சி19 பற்றிய கவலை இல்லை. ஆனால் அது 3ஏ4 நொதியால் கழிக்கப்படுகிறது. கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் அந்த நொதியை வலுவாகத் தடுத்து இரத்தக்கசிவை உண்டாக்கக் கூடும். எந்தக் காய்ச்சலுக்கு எங்கே சென்றாலும் முழுப் பட்டியலையும் கையில் கொண்டுசெல்லுங்கள்.

மறுமொழி: கணு

நான் மூட்டு நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பவள். உங்கள் இரண்டாவது கேள்வியை எங்கள் நோயாளிகளில் பலர் கேட்கிறார்கள். பதில் சொல்லக் கொஞ்சம் இடம் தேவைப்படுகிறது.

முடக்குவாதம் மூட்டுகளுக்குள் அடங்கி நிற்கும் நோய் அன்று. மூட்டுச் சவ்வில் ஊறும் அதே புரதங்கள் இரத்தத்தில் கலந்து ஒவ்வொரு நாளத்தின் உட்சுவரையும் தொடுகின்றன. இரத்த நாளத்தின் உட்பக்கம் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலிய உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டு நாளத்தைத் தளர்வாகவும், தட்டணுக்கள் ஒட்டாதவாறும் வைத்திருக்கின்றன. அந்தச் சிறு வாயு மூலக்கூற்றின் பணியைக் கண்டறிந்ததற்காகவே ஃபர்ச்கோட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அழற்சி நீடிக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது; உயிரணுக்களின் மேற்பரப்பில் ஒட்டுப்புரதங்கள் முளைக்கின்றன; வெள்ளணுக்கள் அவற்றில் ஒட்டிச் சுவருக்குள் புகுந்து, அங்கே சேர்ந்துள்ள கொழுப்பை விழுங்கி நுரை உயிரணுக்களாகின்றன. கொழுப்புப் படிவத்தை மூடியிருக்கும் நார்த்தோலை அரிக்கும் நொதிகளைச் சுரப்பவையும் அவைதாம். அந்தத் தோல் கிழிந்து, அந்த இடத்தில் கட்டி உறைவதையே பெரும்பாலும் மாரடைப்பாகக் காண்கிறோம். இதனால் ஐரோப்பிய வாதநோய்க் கழகங்களின் கூட்டமைப்பு, பொதுமக்களுக்கான இதய ஆபத்துக் கணிப்பில் வரும் எண்ணை, முடக்குவாதம் உள்ளவர்களுக்கு 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது.

இனி அந்த 74-க்கு வருவோம். அழற்சி கடுமையாக இருக்கும்போது உடல் எல்.டி.எல். துகள்களை வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்திலிருந்து நீக்குகிறது. ஆகவே அளவு தாழ்ந்து காணப்படும், நாளங்களோ மோசமாகிக்கொண்டிருக்கும். உங்கள் தாயாரின் 74 என்பது நோயின் அறிகுறி, நலத்தின் அறிகுறி அன்று. இதை நோயாளிகளிடம் சொல்லும்போது முதலில் யாரும் நம்புவதில்லை. டோசிலிசுமாப் இண்டர்லூகின்-6-இன் ஏற்பியை மூடுகிறது. அழற்சி அடங்கியதும் எல்.டி.எல். நீக்கம் இயல்பு வேகத்துக்குத் திரும்புகிறது. எனவே எண் ஏறுகிறது.

இங்கேதான் மேலே நண்பர் எழுதியதும் நான் எழுதுவதும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இண்டர்லூகின்-6 தடுக்கப்பட்டால், அதனால் தளர்ந்திருந்த கல்லீரல் நொதிகளும் மீண்டும் எழுகின்றன. முடக்குவாத நோயாளிகளுக்கு ஒரேயொரு டோசிலிசுமாப் அளவு செலுத்தி ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சிம்வாஸ்டாட்டினின் மொத்த அளவு 57 விழுக்காடு குறைந்திருந்தது. சிம்வாஸ்டாட்டினைப் போலவே அட்டோர்வாஸ்டாட்டினையும் 3ஏ4 நொதிதான் கழிக்கிறது. ஆகவே, மாத்திரை அதே 40 மில்லிகிராமாக இருந்தாலும், உங்கள் தாயாரின் கல்லீரலுக்கு இப்போது கிடைக்கும் மருந்து முன்பைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. அளவைக் கூட்டுவதா, சி.ஒய்.பி. நொதிகளை அதிகம் சாராத ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றுவதா, கொழுப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான எசெட்டிமைபைச் சேர்ப்பதா என்பதை அடுத்த சந்திப்பில் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு 112 என்பது மிகுதி; விட்டுவைக்கக் கூடாது. அதற்காக ஊசியை நிறுத்தவும் கூடாது. முடக்குவாதம் உள்ள 3,080 பேரிடம் டோசிலிசுமாபையும் மற்றொரு முடக்குவாத மருந்தான எட்டனர்செப்டையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், டோசிலிசுமாப் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். கூடுதலாக ஏறியபோதும், இதய நிகழ்வுகள் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே இருந்தன.

அழற்சியைக் குறைத்தாலே நாளம் நலமடையுமா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். அழற்சியின் எந்தக் கிளையைத் தடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், முன்னரே மாரடைப்பு வந்த, சி.ஆர்.பி. 2-க்குக் குறையாத 10,061 பேர் பங்கேற்றனர். அழற்சியைத் தூண்டும் இன்னொரு புரதமான இண்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் 150 மில்லிகிராம், கொழுப்பைத் தொடாமலேயே இதய நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது. உயிர்போக்கும் தொற்றுகளும் சற்றுக் கூடின. மூட்டு நோய்க்கு நாங்கள் அன்றாடம் தரும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில், மூட்டு நோயில்லாத இதய நோயாளிகள் 4,786 பேரிடம் சோதித்தபோது பயன் எதுவும் கிடைக்கவில்லை. அங்கே இண்டர்லூகின்-6-உம் குறையவில்லை, சி.ஆர்.பி.யும் குறையவில்லை. அழற்சியைத் தணிக்கும் இன்னொரு மருந்தான கோல்ச்சிசின் 0.5 மில்லிகிராம் 2019, 2020 ஆய்வுகளில் பயன் காட்டியது. மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பயன் தென்படவில்லை. கோல்ச்சிசினையும் 3ஏ4 நொதியே கழிக்கிறது என்பதால், பல மருந்துகள் எடுப்பவருக்கு அதைத் தருமுன் நான் இருமுறை யோசிப்பேன்.

சி.ஆர்.பி. பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்த எண்ணையே நோயாக எண்ணி அஞ்சுவோர் உண்டு. பிறவியிலேயே சி.ஆர்.பி.யைக் கூட்டும் மரபணு வகைகளைக் கொண்டவர்களுக்கு இதய நோய் கூடுவதில்லை. ஆனால் இண்டர்லூகின்-6 ஏற்பியின் மரபணுவில், அதன் சமிக்ஞையைத் தணிக்கும் ஒரு வகையைக் கொண்டவர்களுக்கு இதய நாள நோய் குறைவு என்று 2012-இல் வெளியான பெரும் ஆய்வுகள் காட்டின. சி.ஆர்.பி. புகை, நெருப்பு அதற்கு மேலே, இண்டர்லூகின்-6 இருக்கும் பக்கம் எரிகிறது. உங்கள் தாயாருக்கு ஒன்று நினைவில் இருக்கட்டும்: டோசிலிசுமாப் எடுக்கும்போது சி.ஆர்.பி. உற்பத்தியே அடங்கிவிடுவதால், அவருக்குக் கடுமையான தொற்று வந்தாலும் அந்த எண் ஏறாமல் இருக்கலாம். சி.ஆர்.பி. 1-க்குக் கீழே இருக்கிறது என்ற நம்பிக்கையில் காய்ச்சலையோ இருமலையோ புறக்கணித்துவிடாதீர்கள்.

மறுமொழி: நெடுவழி

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன்; ஸ்டாட்டின் பற்றிய பேச்சு வந்ததால் என் பட்டறிவைச் சொல்கிறேன். சிம்வாஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் தொடைகளில் வலி தொடங்கியது. மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி உடலை மேலே இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. வயதானால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு மருத்துவர் தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தி, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஸ்டாட்டினைக் கல்லீரலுக்குள் ஏற்றிச்செல்லும் புரதத்தின் மரபணுவில் ஒரு படி மாறியிருந்தது. ஏற்றிச்செல்வது குறைந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கித் தசையைத் தாக்குகிறது. சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் 2008-இல் கண்டறிந்த செய்தி இது; மாறிய படி ஒன்றுக்குத் தசைநோய் ஆபத்து ஏறத்தாழ நான்கரை மடங்கும், இரண்டும் மாறியிருந்தால் ஏறத்தாழ 17 மடங்கும் கூடியது என்று அந்த மருத்துவர் விளக்கினார். இப்போது குறைந்த அளவில் ரோசுவாஸ்டாட்டின் எடுக்கிறேன், வலி இல்லை. உங்கள் அம்மாவுக்கு ஸ்டாட்டினை மாற்றினாலோ கூட்டினாலோ முதல் சில வாரங்கள் தசைவலியைக் கேட்டுப் பாருங்கள். முடக்குவாதம் உள்ளவருக்கு மூட்டுவலி என்று அது மறைந்துவிடக்கூடும் என்பதால்தான் சொல்கிறேன்.

மறுமொழி: தும்பைப்பூ

எல்லாருக்கும் நன்றி. அட்டைகள் இரண்டையும் ஒளிப்படம் எடுத்து இரு மருத்துவர்களுக்கும் அனுப்பிவிட்டேன். ஐபுபுரோஃபெனை அம்மாவே என்னிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் இருவருக்குமான பரிசோதனை பற்றி மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி: உரைகல்

உங்கள் தாயாரிடம் இரண்டு படிகளும் ஸ்டார் 1 என்பதால், உங்களுக்கும் தம்பிக்கும் அவரிடமிருந்து வந்தது ஸ்டார் 1 ஆகத்தான் இருக்க முடியும். தந்தையிடமிருந்து வந்த படி எதுவாக இருந்தாலும், தேடப்பட்ட பழுதுகளைப் பொறுத்தவரை இரண்டு படிகளும் பழுதானவராக நீங்கள் இருவரும் இருக்க வாய்ப்பில்லை. அதிகம் போனால் ஒரு படி பழுதாக இருக்கலாம். கிளோபிடோக்ரெல் தேவைப்படாதவருக்கு இப்போது அந்தப் பரிசோதனையால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பிற்காலத்தில் தேவை வந்தால் அன்று செய்துகொள்ளலாம். அன்றும் அந்த அறிக்கையோடு, அந்த வாரம் உடலில் அழற்சி எவ்வளவு, வேறு என்னென்ன மாத்திரைகள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இப்போதே செய்துகொள்ளத்தக்கது ஒன்று உண்டு; அதற்கு மரபணுவைப் படிக்கவே வேண்டியதில்லை. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற துகளின் அளவைச் சொல்லும் இரத்தப் பரிசோதனை அது. 1963-இல் கோரே பெர்க் கண்டறிந்த இந்தத் துகளின் அளவைப் பெரும்பாலும் ஒரேயொரு மரபணுவே தீர்மானிக்கிறது. உணவும் உடற்பயிற்சியும் அதைப் பெரிதாக அசைப்பதில்லை. ஆக்சிஜனேற்றம் அடைந்த பாஸ்போலிப்பிடுகளைச் சுமந்து செல்வதால், நாளச் சுவரில் கொழுப்பைச் சேர்ப்பதோடு அழற்சியையும் மூட்டுவது அது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறை பார்த்தால் போதும். ஆனால் அழற்சி ஓங்கிய நாள்களில் அதுவும் சற்று உயரும் என்பதால், காய்ச்சலோ தொற்றோ இல்லாத நாளில் இரத்தம் கொடுங்கள். முதலில் அம்மாவுக்கு எடுங்கள். டோசிலிசுமாப் அதன் அளவைக் குறைக்கும் என்பதால், ஊசி தொடங்குமுன் எடுத்த அளவு பழைய அறிக்கைகளில் எங்கேனும் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அவருக்கு மிகுதியாக இருந்தால் உங்கள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதியளவு வாய்ப்பு உண்டு.